ராட்டை பியானோவில்தான் சுழல்கிறது

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘கிரெட்சென் அம் ஷ்பின்ராடெ’ (ராட்டை முன் கிரெட்சென்) என்ற ஜெர்மன் பாடலைக் கேட்டுவிட்டு எல்லோரும் பாடகியைத்தான் பாராட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பாட்டு எடுபடுவதும் எடுபடாததும் பியானோ வாசிப்பவர் கையில் இருக்கிறது. அதைப் பக்கவாத்தியமாக நினைத்து வாசித்தால் பாட்டே போச்சு.

1814 அக்டோபர் 19இல் ஷூபர்ட் இதை எழுதியபோது வயது 17. ஜெர்மன் கவிஞர் கோதேயின் ‘ஃபௌஸ்ட்’ நாடகத்தில், ராட்டை முன் தனியே உட்கார்ந்து கிரெட்சென் காதலனை நினைத்து உருகும் கவிதை. வலக்கையில் ஓயாமல் சுழலும் பதினாறாம் ஸ்வரங்கள்தான் (மிகக் குறுகிய கால அளவுள்ள ஸ்வரங்கள்) சக்கரம். இடக்கையில் தத்தித் தத்தி விழும் தாளம், ராட்டையைக் காலால் மிதித்துச் சுற்றும் மிதிகட்டை. வலக்கைக்கு லெகாட்டோ (ஸ்வரங்களை இழைத்து வாசிப்பது), இடக்கைக்கு ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிப்பது) என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறார். ஒலியை நீட்டிக்கும் கால் பெடலை அழுத்தியே வைத்திருந்தால் இரண்டும் குழைந்து மிதிச்சத்தம் காணாமல் போகும். அன்றைய வியன்னா பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். இன்றைய பெரிய பியானோவில் அடங்காது. அதனால் முதலில் பெடலே தொடாமல், ஒவ்வொரு கையாகப் பழக வேண்டும். கீழ்ஸ்வரத்தை விரலாலேயே பிடித்து வைக்க வரவேண்டும். பிறகு பாதி பெடல், அதுவும் கீழ்ஸ்வரம் மாறும்போதெல்லாம் விட்டு எடுத்து.

அடுத்த கோளாறு வேகம். ‘ரொம்ப வேகம் வேண்டாம்’ என்றுதான் இசைத்தாளின் மேலேயே எழுதியிருக்கிறது. ஆரம்பமும் மிக மெல்லிய பியானிசிமோ. தொடக்கத்திலேயே விரட்டினால் பின்னால் ஏறுவதற்கு இடமே இருக்காது.

அவனுடைய நடை, புன்னகை, கண்கள் என்று அவள் ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க சோகமான டி மைனர் சுருதி விலகி, தெளிவான எஃப் மேஜர் சுருதி வருகிறது. மிதியின் தாளமும் மறைகிறது. ‘அவன் முத்தம்!’ என்னும் இடத்தில் குரல் மேல் ஜி ஸ்வரத்தைத் தொட, ராட்டை நின்றே போகிறது. அங்கே பெடலை முழுதாக எடுத்துவிட வேண்டும். மிச்ச ஒலி தொங்கினால் நின்றது காதில் விழாது. முத்தத்துக்கான ஜெர்மன் சொல் ‘குஸ்’ என்பதில் குறில் உகரம். பாடகி உயிரெழுத்தில் நின்றுவிட்டு ஸகரத்தைக் கடைசியில்தான் மூடவேண்டும். அதன்பின் சக்கரம் துண்டு துண்டாகத் தயங்கித்தான் மறுபடி கிளம்புகிறது. பலர் அந்த இடைவெளிகளை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்குப் பாட்டிலேயே மிக முக்கியமான இடம் அதுதான். அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்புவதைச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை, பியானோ மட்டுமே இருக்கிறது.

கோதேயின் கவிதை முத்தங்களில் உயிர்விடும் ஆசையோடு முடிகிறது. ஷூபர்ட் ‘என் நிம்மதி போயிற்று, நெஞ்சு கனக்கிறது’ என்ற முதல் இரு வரிகளைத் திரும்பக் கொண்டுவருகிறார். அங்கே ஒலி குறையட்டும், வேகம் குறையக் கூடாது. தாழ்ந்த குரலுக்காகச் சுருதி இறக்கிய பதிப்பில் வாசிப்பவர்கள் இடக்கையை இன்னும் மெலிதாக்க வேண்டும். கீழே போகப் போக ஸ்வரங்கள் கலங்கும்.