கேள்வி எத்தனை என்று கேட்கவில்லை, எப்படி வாக்களித்தார் என்று கேட்டேன்

எங்கள் எம்.பி.யின் நாடாளுமன்றச் செயல்பாட்டைப் புகழ்ந்து இணையத்தில் சுற்றிய அந்த அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொகுதி எம்.பி. சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே மூன்று வட்டங்களில் வருகை, கேள்விகள், விவாதங்கள். மூன்றுமே தேசிய சராசரிக்கு மேல். நான் பின்னூட்டத்தில் கேட்டது ஒரே வரி: "எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார்?" அதற்கு வந்த அர்ச்சனையையும் பார்த்திருப்பீர்கள். நான் எதிர்க்கட்சியின் கூலியாளாம். வார்டு தேர்தலில் நிற்கக்கூட வக்கில்லாதவனாம். இந்த இரண்டையும் சொன்னவர் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இருக்கட்டும்.

அட்டையில் உள்ள எண்கள் பொய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவை எதைச் சொல்கின்றன என்றுதான் கேட்கிறேன். வருகை என்பது பதிவு. பதிவை முடித்துவிட்டு ஐந்தாவது நிமிடம் வெளியே வந்தாலும் அன்று முழு வருகைதான். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட வருகைக்கு மட்டும் பரிசு கொடுத்தால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கேள்விகளுக்கு வருவோம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை. முதல் வகையில் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். இருபதில் சில மட்டுமே வாய்மொழிப் பதில் வரை எட்டும். இரண்டாவது வகைக்கு அச்சடித்த பதில் வரும், அவ்வளவுதான். அட்டையில் இரண்டுக்கும் ஒரே வட்டம்.

எங்கள் ஊர் ரயில்வே கேட் கதையைச் சொல்கிறேன். அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துப் போகும் வழியில் அந்தக் கேட் இருக்கிறது. சரக்கு ரயில் வரும் நேரமென்றால் அப்பா கம்பியைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். மேம்பாலம் கேட்டு எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து உதவியாளர் பெருமையோடு ஒரு தாளை நீட்டினார். குறியிடாத கேள்வி. பதில் பகுதியில், "(அ) முதல் (இ) வரை: மேம்பாலப் பணிகளுக்கு ஒப்புதல் அளிப்பது தொடர்ந்து நடைபெறும் நடைமுறை." குறியிடாத கேள்வி என்பதால் துணைக் கேள்விக்கு வழியே இல்லை. அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்திலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட் இன்றும் மூடித்தான் கிடக்கிறது. அந்தத் தாளும் வட்டத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது, வாழ்த்துகள்.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2015 ஏப்ரல் 24 அன்று திமுக எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. திரும்பப் பெறும்படி அரசுத் தரப்பு கேட்டும் அவர் விடவில்லை. தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, சட்டமாகி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அட்டை போட்டால் அது "தனிநபர் மசோதா: 1". அறிமுகத்தோடு செத்துப்போன ஒரு மசோதாவுக்கும் அதே 1 தான்.

"கொறடா உத்தரவு இருக்கும்போது அவர் எப்படித் தனியாக வாக்களிப்பார்?" என்று ஒரு நண்பர் நியாயமாகக் கேட்டார். கேட்டவர்களில் மரியாதையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். உண்மை, 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் அந்த உத்தரவை மீறினால் பதவி போகலாம். அப்படியென்றால் அதையே அட்டையில் போடுங்கள்: "கட்சி சொன்னபடி வாக்களித்தார்." ஏன் போடவில்லை?

"பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதானே, பதிவு எங்கே இருக்கும்?" இதுவும் உண்மை. என் கோபமே அதுதான். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் டிவிஷன், அதாவது யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்டார்கள், கிடைக்கவில்லை. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். "ஆம்" என்று கத்தியவர் யார் என்பதற்கு இன்றுவரை பெயர்ப் பட்டியல் இல்லை. டிவிஷன் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குடியுரிமைத் திருத்தம் இருக்கிறது. 2019 டிசம்பரில் அதிமுக ஆதரித்தது பதிவில் நிற்கிறது. அதே கட்சி 2021 தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. பதிவு இருந்ததால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது.

"ஒரு எம்.பி.யின் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?" 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று கவிழ்ந்தது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தர எனக்குப் பொறுமை இல்லை.

மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுவில் உழைக்கிறார் என்கிறீர்களா, உழைக்கட்டும். மூடிய கதவுக்குள் நடக்கும் அந்த வேலையும் உங்கள் வட்டங்களில் இல்லையே.

என் பழைய பெஞ்சுத் தோழருக்கு ஒன்று. உன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான்; அப்போது நீ என் கட்சியைக் கேட்கவில்லை. எம்.பி.யின் வாக்கைக் கேட்டால் மட்டும் ஏன் கேட்கிறாய்?

மற்றவர்களுக்கு: "நீ எந்தக் கட்சி" என்று தொடங்கும் பின்னூட்டங்களை நீக்கிவிடுவேன். மசோதாவின் பெயர், தேதி, அவர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா, வெளிநடப்பா என்று எழுதுபவர்கள் எழுதலாம். டிவிஷன் நடந்த மசோதாக்களுக்கு மட்டும் எழுதினாலும் போதும்.