சம்பளம் வீண் செலவா?

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் சம்பளத்துக்கே பணத்தைக் கரைக்கின்றன. மூடிவிட்டு, பயனாளிகள் கணக்கில் நேரடியாகப் போடுங்கள்" என்றார் விவாதத்தில் ஒருவர். அதற்குக் கைதட்டல் வேறு. மனசு ஆறவில்லை.

கணக்கில் பணம் வந்து சேர வைப்பதே அந்த அலுவலகத்து எழுத்தர்தான் ஐயா!

ராணுவத்தில் இருந்த ஒரு ஹவில்தார் இறந்துவிட்டார் என்று வையுங்கள். பணிப் பதிவில் மனைவி பெயர் வேணி, ஆதாரில் கிருஷ்ணவேணி. குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். பிரமாணப் பத்திரம், நோட்டரி கையெழுத்து, படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தக நகல், இறப்புச் சான்று எல்லாம் சேர்த்து, அவர் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. அங்கே பதிவை மாற்றும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை திருத்தப்பட்ட பிறகுதான் பணம் நகரும். ஒரு தாள் குறைந்தாலும் கட்டு திரும்பி வரும்.

"அதுதான் படையினர் ஓய்வூதியத்துக்கு ஸ்பர்ஷ் இணையதளம் இருக்கிறதே?" இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று தளம் காட்டும். எந்தத் தாளை எங்கே வாங்குவது என்று எழுபது வயது அம்மாவிடம் உட்கார்ந்து சொல்ல ஆள்தான் வேண்டும்.

"ஓய்வூதியம்தான் வருகிறதே?" சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் 15 ஆண்டு முடிந்தால்தான் வரும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் எங்கே 15 ஆண்டு முடிப்பது? போருக்குப் பின் பணம் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள அமைப்பும் வேண்டும் என்று, முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-லேயே படைவீரர் வாரியம் வைத்த வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை.

லஞ்சம் வாங்குபவர் இல்லையா என்பீர்கள். இருந்தால் பிடித்துத் தண்டியுங்கள். மேசையை எதற்கு எடுக்கிறீர்கள்?

செலவுக் கணக்கையும் சொல்கிறேன். இந்த அலுவலகங்களின் செலவில் மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 75-க்கு 25. பணியிடத்தைக் காலியாகப் போட்டால் மாநிலத்துக்கு 40 மிச்சம்தான், ஆனால் டெல்லியிலிருந்து வரவேண்டிய 60-உம் வராது. இதையா சிக்கனம் என்கிறீர்கள்?

ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் படையிலிருந்து வெளியே வருகிறார்கள். பெரும்பாலோருக்கு 35-லிருந்து 45 வயது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் காலம். மறுவேலைக்குப் பதிய, கல்வி உதவிக்கு மனுப் போட அவர்கள் முதலில் ஏறும் படி அந்த அலுவலகம். அங்கே நாற்காலி காலி. இரண்டு பஸ் மாறி வந்த அம்மாவிடம் "கிளார்க் போஸ்டிங் இன்னும் போடலம்மா, அடுத்த மாசம் வாங்க" என்கிறபோது மிச்சமாவது யாருடைய பணம் என்று நேற்று கைதட்டியவர்கள் சொல்லட்டும்.