இ-சைக்கிளுக்கு லைசென்ஸ் வேணுமா?
மேல ஒருத்தர் "இ-சைக்கிள் வாங்குனா லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் எடுக்கணும், அதுக்கு சாதா சைக்கிளே மேல்"னு போட்டிருக்காரு, அது தப்புங்க. மத்திய மோட்டார் வாகன விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்குக் கம்மியா, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கம்மியா, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள இருந்தா அது மோட்டார் வாகனமே கிடையாது, அதனால அந்த மூணும் தேவையில்ல. ஆனா கடைல வேக லிமிட்ட தூக்கிவிட்டு வாங்குனீங்கன்னா அந்த விலக்கு போச்சு, மாட்டுறது ஓட்டுறவங்கதான், தயவுசெஞ்சு அதமட்டும் பண்ணாதீங்க.

சாதா சைக்கிள் பக்கம் உண்மையான பாயிண்ட் வேற இருக்கு. பின் வீல் ஹப்ல, அதாவது வீலோட நடுப்பகுதில, மோட்டார் இருக்குற இ-சைக்கிள் மாடல்ல டியூப் மாத்தணும்னா ஒயர் கனெக்டர உருவி, ஆக்சில் நட்ட கழட்டித்தான் வீல வெளிய எடுக்கணும், ரோட்டோர பஞ்சர் கடைக்காரங்க தொடவே தயங்குவாங்க. பக்கத்துத் தெருக் கடைக்கு சாதா சைக்கிள் தாராளமா போதும், தினமும் மேம்பாலம் ஏறி ஆபீஸ் போறவங்கன்னா இ-சைக்கிள் ஓட்டிப் பாருங்க.