கடன் இருந்தவர்களுக்குத்தான் கடன்

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது என்று அந்த ஆகஸ்ட் கடைசி நாளில் மத்திய அரசு அறிவித்தது. அந்த வாரத்தில்தான் எங்கள் அண்ணன் தன் பதினான்கு தையல் மெஷின்களில் எட்டை விற்றார்.

அண்ணனுடையது திருப்பூரில் பவர்டேபிள் யூனிட். கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியை பனியனாகத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் தொழில். மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கில் நாடு அடைபட்டது. வெளியூர்த் துணிக்கடைகள் மூடின. கடைக்காரர் தராததால் கம்பெனிக்குப் பணம் வரவில்லை, கம்பெனி தராததால் அண்ணனுக்கு வரவில்லை. ஆனால் சனிக்கிழமை மட்டும் தவறாமல் வந்தது. திருப்பூரில் வாரச் சம்பளம் என்பது வாக்கு. முதல் இரண்டு சனிக்கிழமையும் அண்ணி கழுத்தில் இருந்ததை அடகு வைத்துக் கொடுத்தார்கள்.

மே மாதத்தில் சிறுதொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் என்று அறிவிப்பு வந்தது. ஈடு வேண்டாம், அரசே உத்தரவாதம். அண்ணன் நம்பிக்கையோடு வங்கிக்குப் போனார். "உங்கள் பேரில் பழைய கடன் எதுவும் இல்லையே" என்றார்கள். பிப்ரவரி 29 அன்று பாக்கியிருந்த கடனில் 20 சதவீதம்தான் புதுக்கடன் என்பது விதி. பாக்கியே இல்லாதவருக்கு எதில் 20 சதவீதம்? இருபது வருடம் கடன் வாங்காமல் தொழில் செய்தது அன்று குற்றமாகிப் போனது. அந்தத் திட்டம் பலரைக் காப்பாற்றியது உண்மை, மறுக்க மாட்டேன். வங்கி வாசலை மிதிக்காமல் ஊருக்குள் நாணயத்தை வைத்தே தொழில் செய்தவர்களை அது தொடவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிறு நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு பி.எஃப். தொகையை அரசே கட்டும் என்றார்கள். இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் பி.எஃப். கட்டாயமே இல்லை. அண்ணனிடம் பதினெட்டுப் பேர்.

அந்த 23.9 சதவீதக் கணக்கிலும் அண்ணனைப் போன்றவர்கள் சரியாக எண்ணப்படவில்லை. அப்போது காலாண்டுக் கணக்குப் போடும்போது இப்படிப்பட்ட முறைசாராத் தொழில்களைப் பெரும்பாலும் நேரில் எண்ணவில்லை. பெரிய நிறுவனங்களின் போக்கை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். பெரிய கம்பெனி மீண்டும் ஓடத் தொடங்கியதும் சந்துக்குள் இருக்கும் பவர்டேபிளும் ஓடியதாகக் கணக்கு எழுதிவிட்டால், விற்றுப்போன எட்டு மெஷின்கள் எந்த ஏட்டில் வரும்?

இவர்களைக் கண்டுபிடிக்க வழியில்லை என்று சொன்னால் ஏற்க மாட்டேன். பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறிகளுக்கு இலவச மின்சாரம் போகிறதே, எந்தத் தறிக்கூடம் யாருடையது என்று தெரியாமலா போகிறது? பவர்டேபிளுக்கும் மின் இணைப்பு எண் உண்டு, ஓடிய யூனிட் கணக்கு உண்டு. தொழில் நடந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இன்னொரு முறை ஊரை அடைக்க நேர்ந்தால், அந்த எண்ணை வைத்து வாரக்கூலிக்கு உதவி கொடுங்கள். கடனாக வேண்டாம், மானியமாக. அதுவும் இரண்டாவது சனிக்கிழமைக்குள்.