பச்சைப் புள்ளிக்குச் சம்பளம் கொடுக்கும் மேலாளர்கள்

அலுவலக அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வேலை பார்க்கிறார். மஞ்சளாகிவிட்டால் தூங்கப் போய்விட்டார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை மேய்க்கும் பல மேலாளர்களின் ஞானம் இன்னமும் இந்த இடத்தைத் தாண்டவில்லை. அந்தப் புள்ளி மஞ்சளாகாமல் இருக்க, மவுஸைத் தானாக நகர்த்தும் சிறு கருவி இணையக் கடைகளில் விற்கிறது. அதற்கும் செலவு செய்ய மனமில்லாதவர்கள், முள் ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் மவுஸைத் தூக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வருகிறார்கள்.

2024 மே மாதம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டியதற்காகப் பன்னிரண்டு பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. ஏமாற்றினார்கள், வேலை போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் கேட்பது வேறு. பாவனை பிடிபடும்வரை, இவர்கள் என்ன முடித்துக் கொடுத்தார்கள் என்று கேட்க ஒரு மேலாளர்கூடவா இல்லை?

மைக்ரோசாஃப்ட் 2022இல் 11 நாடுகளில் 20,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஊழியர்களில் 87 சதவீதம் பேர் நன்றாகத்தான் வேலை செய்கிறோம் என்றார்கள். தம் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று முழுமையாக நம்பிய தலைமைப் பொறுப்பாளர்கள் வெறும் 12 சதவீதம். இரு தரப்பில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ‘வேலை’ என்பது என்ன என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவே இல்லை, அவ்வளவுதான்.

நான் ஒரு மென்பொருள் சோதனை அணியைப் பார்த்துக்கொள்கிறேன். சிலர் சென்னையில், சிலர் தேனி, விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர்களில். எங்கள் தொழிலில் பாதித் தகராறு, வேலையை ஒப்படைக்கும் வரியிலேயே பிறந்துவிடுகிறது. ‘பணம் செலுத்தும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்’ என்று எழுதினால், யார் பார்ப்பது, எதுவரை பார்ப்பது, எப்போது முடிந்ததாகக் கொள்வது, எதுவுமே அதில் இல்லை. ‘ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பிப் போவதை மூன்று வங்கி அட்டைகளில் சோதித்து, முடிவை வியாழன் மாலை 4 மணிக்குள் பட்டியலில் ஏற்றவும்’ என்று எழுதி, கீழே ஒரே ஒருவரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பெயர் போட்டால் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். இப்படி எழுத மேலாளருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் கண்காணிப்பு மென்பொருள் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்தது ‘தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது’ என்ற பதில். திங்களன்று தொண்ணூறு, செவ்வாயன்றும் தொண்ணூறு, வெள்ளிக்கிழமையும் அதே தொண்ணூறு. அலுவலகத்தில் என்றால் முகத்தைப் பார்த்தே ஆள் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். தொலைவில் தெரியாது. அதனால் எங்களிடம் சதவீதக் கணக்கே கிடையாது. எந்தெந்தச் சோதனை முடிந்தது, எது பாக்கி, எது யாருக்காகக் காத்திருக்கிறது என்று மட்டும்தான் எழுத வேண்டும். ஆடிக் காற்றில் மின்கம்பி அறுந்ததா, குழந்தைக்குக் காய்ச்சலா, முன்கூட்டிச் சொன்னால் தாமதம் குற்றமில்லை. கெடு தாண்டிய பிறகும் வாய் திறக்காமல் இருந்தால்தான் குற்றம்.

இதே அளவுகோல் மேலாளருக்கும் உண்டு. ஒப்புதலுக்காக ஒருவர் இரண்டு நாள் காத்திருந்தால், அந்த இரண்டு நாள் யார் கணக்கில் எழுதப்படுகிறது? பெரும்பாலும் காத்திருந்தவர் கணக்கில்தான். மேலாளரின் நிலுவைப் பட்டியலை அணியினர் பார்க்க முடியாத இடத்தில் பொறுப்பைப் பற்றிப் பேசுவதே வீண்.

‘நல்லவர்களுக்கு இதெல்லாம் சரி, ஏய்ப்பவனை என்ன செய்வது?’ என்பார்கள். ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 2022இல் விப்ரோ 300 பேரை நீக்கியது. எழுதிக் கொடுத்த வேலையும் தேதியும் இருந்தால் ஏய்ப்பவர் இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே வெளிப்பட்டுவிடுவார். அவரைக் குழு அரட்டையில் வைத்து வறுக்காமல் தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள், ஒரு தவணை கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அனுப்பிவிடுங்கள். ஒருவருக்காக இருபது பேரின் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பது நிர்வாகமே இல்லை. பிரான்சில் அது சட்டத்துக்கே ஆகவில்லை. ஊழியர்களின் திரையைப் படமெடுத்து, கை அசையாத நிமிடங்களையும் எண்ணிய ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கு, அந்நாட்டுத் தனியுரிமை ஆணையம் 2024 டிசம்பரில் 40,000 யூரோ அபராதம் போட்டது.

எல்லோரையும் அலுவலகத்துக்கே கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது என்பவர்கள், டிரிப்.காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தில் நடந்த ஆறு மாதச் சோதனையைப் படிக்க வேண்டும். முடிவுகள் 2024இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தன. 1,612 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. அவர்களிடையே வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று முதலில் கணித்த மேலாளர்களே, கடைசியில் 1 சதவீதம் கூடும் என்றார்கள். நம் ஊரில் இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு ஆட்களைத் திரும்ப அழைத்த நிறுவனம் எதையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.