டர்போவை ஏற்றுவதா, இன்ஜினையே மாற்றுவதா: முதலில் நேரக் கணக்கு

நாலு சிலிண்டர் டர்போ கார் (புகையால் சுழன்று காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி உள்ளது) பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடும். "பெரிய டர்போ போடு, ரீமேப் பண்ணு, 300 எச்பி கையில்" என்பார் ஒருவர் (ரீமேப் என்பது இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவின் அமைப்பை மாற்றி எழுதுவது). "அந்தச் சின்ன இன்ஜினைப் பிழிஞ்சு என்ன ஆகப்போகுது, எட்டு சிலிண்டர் வி8 இறக்கு" என்பார் இன்னொருவர். இருவர் கையிலும் இருப்பது ஒரே எண், பவரை அளக்கும் டைனோ மேடையில் வரும் உச்ச எச்பி (குதிரைத்திறன்). அந்த எண்ணை வைத்து இந்த முடிவை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பவரை ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கேட்கப்போகிறீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

டைனோவில் ஒரு ஓட்டம் பத்து, பதினைந்து நொடி. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த ஐந்தாறு நொடி. ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டினால் அதில் பெரும்பகுதி ஆக்சிலரேட்டர் தரையோடு ஒட்டியிருக்கும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைச் சுழற்றுகிறது. மீதியெல்லாம் புகையோடும் கூலன்ட், ஆயில் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. 200 எச்பி காரை 300 ஆக்கினால் கிராங்கில் கூடுதலாக 75 கிலோவாட் கிடைக்கும். அதற்குச் சற்றே குறைவான வெப்பம் ரேடியேட்டர் தலையில் கூடுதலாக ஏறும். அந்த ரேடியேட்டருக்குப் போட்ட கணக்கு 200க்கானது. ஆறு நொடிக்கு இது பிரச்சினையே இல்லை, உலோகமும் தண்ணீரும் அந்தச் சூட்டை உள்வாங்கிக்கொள்ளும். நாலாவது நிமிடத்தில் உள்வாங்க இடம் இருக்காது.

டர்போவுக்குள் நடப்பதையும் எண்ணாகவே பாருங்கள். 30 டிகிரி வெளிக்காற்றை 1 பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வெளி அழுத்தத்தின் இரு மடங்குக்கு, 70 சதவீதத் திறனில் அமுக்கினால் கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 125 டிகிரியில் வரும். அதே சின்ன டர்போவை 1.5 பாருக்கு விரட்டித் திறன் 65 சதவீதத்துக்கு இறங்கினால், காற்று 170 டிகிரியைத் தொட்டுவிடும். பூஸ்ட் மீட்டரில் அரை பார் ஏறியது கண்ணில் படும், 45 டிகிரி ஏறியது படாது. சூடான காற்றில் நாக், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது, எளிதாக வரும். நாக் வந்தால் இசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். தாமதமாக எரிந்த வாயு இன்னும் சூடாக, டர்போவின் புகைப் பக்கச் சக்கரமான டர்பைனுக்குப் போகும். அவ்வளவு புகையும் அந்தச் சின்ன டர்பைன் வழியாக வெளியேற முடியாமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் தேங்கும். வெளியேறாத பழைய புகை சிலிண்டரிலேயே மிச்சமாக நின்று அடுத்த சுற்றில் மறுபடி நாக்கைத் தூண்டும். பூஸ்ட்டை மட்டும் ஏற்றிய கார் முதல் இழுப்பில் பறந்து மூன்றாவது இழுப்பில் சோர்ந்துபோவது இந்தச் சுழற்சியால்தான்.

அதனால் மாடிஃபை செய்வதென்றால் வரிசை மாறவே கூடாது. முதலில் இன்ஜினின் உடல்நிலை. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் நாலு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்டில் கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் அந்த இன்ஜினில் பவர் ஏற்றும் பேச்சே வேண்டாம். அடுத்து ஸ்மோக் மெஷின் வைத்து இன்டேக் பக்கம் முழுக்கக் கசிவு பார்க்க வேண்டும். கிளாம்ப் அடியில் மயிரிழை அளவு கிழிந்த ஒரு ஹோஸ் போதும், இசியு கேட்ட பூஸ்ட்டைக் கொடுக்க டர்போ தன் வேக வரம்பை மீறிச் சுற்றும். பிறகு அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், அதற்குப் பிறகு டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் டவுன்பைப், கடைசியில்தான் ரீமேப். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதற்குக் காரணம் புரிகிறது: ரீமேப் ஒரு மணி நேர வேலை, பலன் உடனே காலில் தெரியும். ஆனால் நல்ல இன்டர்கூலர் இல்லாத காரில் ஏற்றிய மேப், வெயில் நாளில் பாதிப் பவரை இசியுவே திரும்ப எடுத்துக்கொள்ளும் மேப்.

ஸ்பார்க் பிளக்கை மறந்துவிடாதீர்கள். ஒரு படி குளிர்ந்த ரகம் (சூட்டை வேகமாகக் கடத்தும் வகை), இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீ. அழுத்தம் கூடிய சிலிண்டரில் அகலமான இடைவெளியைத் தீப்பொறியால் தாண்ட முடியாது. முழு பூஸ்ட்டில் வண்டி விக்குவதைப் பார்த்து டர்போவையும் பெட்ரோல் பம்பையும் கழற்றிப் பார்ப்பவர்கள் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம்.

டார்க் (சுழற்று விசை) விஷயத்தில்தான் அதிக இன்ஜின்கள் சாகின்றன, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 6000 ஆர்பிஎம்மில் 300 எச்பி என்றால் டார்க் சுமார் 355 நியூட்டன் மீட்டர். இப்போது 2500 ஆர்பிஎம்மிலேயே 400 நியூட்டன் மீட்டர் வருகிற மாதிரி ஒரு மேப் எழுதினால், அந்த இடத்தில் பவர் வெறும் 140 எச்பி. டைனோ தாளில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் அங்கேதான். 2 லிட்டர் இன்ஜினில் 400 நியூட்டன் மீட்டர் என்பது சிலிண்டருக்குள் சராசரியாக 25 பார் அழுத்தம். உச்சம் அதைவிடப் பல மடங்கு. ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது பிஸ்டன் மேலே அதிக நேரம் நிற்கிறது, அந்த உச்ச அழுத்தம் முழுவதையும் ராடு நீண்ட நேரம் சுமக்கிறது. போதாததற்கு, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இதே பகுதியில்தான் எல்எஸ்பிஐ வரும், அதாவது பிளக் தீப்பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. ஒரே ஒரு முறை வந்தாலே பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பை உடைத்துவிடக் கூடியது அது. 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் வந்த எஸ்பி ஆயில் தரங்களில் இதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. இதைவிடப் பழைய தர ஆயிலை ரீமேப் செய்த டர்போ காரில் ஊற்றாதீர்கள்.

நல்ல டியூனர் என்ன செய்வார்? 3500 வரை டார்க்கைக் கட்டிப்போட்டு, அதற்கு மேல் மெல்ல ஏற்றி, 6000 வரை சமமாகப் பிடிப்பார். உச்ச எச்பி அதேதான் வரும், ராடு மீதான சுமை குறையும். ஓட்டுபவரும் டாப் கியரில் 1800இல் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஒரு கியர் இறக்க வேண்டும். சுபாருவின் ஈஜே25இல் ரிங் விளிம்பு உடைவதும், மாஸ்டாவின் 2.3 டிஐஎஸ்ஐ இன்ஜினில் ராடு வளைவதும் டர்போ உலகில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனங்கள். உங்கள் இன்ஜினின் பலவீனம் எது என்று தெரியாமல் டியூனரிடம் போகாதீர்கள்.

பெட்ரோல் பக்கம். பெட்ரோலை இன்டேக் வழியில் பீச்சும் போர்ட் இன்ஜெக்ஷன் என்றால் கணக்கு எளிது: டர்போ இன்ஜின் ஒரு எச்பிக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 300 எச்பிக்கு, இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறக்கவிடாமல் பார்த்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு சுமார் 580 சிசி தர வேண்டும். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ85 ஊற்றினால் அதற்கு மேல் 30 முதல் 40 சதவீதம். நேரடி இன்ஜெக்ஷனில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஹை பிரஷர் பம்பை ஓட்டுவது கேம்ஷாஃப்ட்டில் இருக்கும் ஒரு புடைப்பு. அது ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் என்று அளந்து தள்ளும். 200 பார் கேட்ட இடத்தில் 5500 ஆர்பிஎம்முக்கு மேல் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தம்) 130க்குச் சரிவது லாகில், அதாவது சென்சார் பதிவில், தெரிந்தால், அந்தப் பம்பின் எல்லை அதோடு முடிந்தது. பம்பை மாற்ற வேண்டும், இல்லையென்றால் இன்டேக்கில் கூடுதலாக நாலு போர்ட் இன்ஜெக்டர் வைக்க வேண்டும்.

கிளட்ச், கியர்பாக்ஸ் பற்றி ஒரு வரி போதும்: ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 டிரை கிளட்ச் பெட்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பு 250 நியூட்டன் மீட்டர், டிக்யூ250க்கு 350. இன்ஜின் தாங்கினாலும் பெட்டி தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இந்த வேலைகளைச் சரியாகச் செய்தால், ஆரோக்கியமான பெரும்பாலான நவீன 2 லிட்டர் டர்போக்கள் கம்பெனி பவரைவிட 30, 40 சதவீதம் கூடுதலைச் சாலையில் வருடக்கணக்கில் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு பக்கத்தாரும் பேசாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: அதே இன்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலுவான) ராடு, பிஸ்டன், சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் ஸ்டட் போட்டுக் கட்டுவது. மவுன்ட் மாறாது, வயரிங் மாறாது, ஏசி மாறாது. கவனம் வேண்டிய இடம் ரிங் இடைவெளி. 82.5 மிமீ போரில் (சிலிண்டர் விட்டம்) டர்போ இன்ஜினுக்கு மேல் ரிங் சுமார் 0.45 மிமீ, ஃபைலால் தேய்த்து, ரிங்கை அந்தந்த போரிலேயே நேராக வைத்து ஃபீலர் கேஜால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். குறைவாக விட்டால் சூட்டில் விரிந்த ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டன் விளிம்பைப் பெயர்த்தெடுக்கும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட பிறகும் அது உடைந்த கதைகளில் பாதி இங்கே தொடங்கியிருக்கும். மிட்சுபிஷியின் 4ஜி63 மாதிரி இரும்பு பிளாக் இருந்தால் இந்த வழி நெடுந்தூரம் போகும். மேல்பக்கம் திறந்த அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் சுவரே அசைந்து ஹெட் கேஸ்கெட்டைத் தின்னும், அங்கே சீக்கிரம் நின்றுவிடும்.

இனி இன்ஜின் மாற்றம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது. இன்ஜின் வாங்குவதுதான் இதில் சின்ன வேலை. அதை உட்காரவைக்க மவுன்ட், ஆயில் சம்ப் சப்ஃப்ரேமில் இடிக்காமல் இருக்க வேறு சம்ப், ஸ்டீரிங் ராடுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் இடையே வழி, பிரேக் பூஸ்டருக்கு இடம். டார்க்கில் இன்ஜின் ஆடும் என்பதால் எங்கும் குறைந்தது 20 மிமீ விட வேண்டும், அதுவும் கார் தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போது அளந்தது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் அடாப்டர் போட்டால் டயல் கேஜைக் கிராங்க் முனையில் கட்டிச் சுற்றி, ஹவுசிங்கின் துளை கிராங்க் மையத்திலிருந்து 0.13 மிமீக்குள் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். இதைத் தவிர்த்தவர்களுக்குக் கியர் விழாது, கிளட்ச் அதிரும், கடைசியில் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போகும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 3 டிகிரிக்குள், இரு முனையிலும் சமமாக இருக்க வேண்டும். பெரிய இன்ஜினுக்குப் பழைய டிஃபரன்ஷியல் விகிதமே இருந்தால் முதல் கியர் டயரைச் சுழற்ற மட்டும் பயன்படும்.

ஆனால் உண்மையில் கார்களை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது வயரிங். இப்போதைய காரில் ஏபிஎஸ், இஎஸ்பி (வழுக்கலைத் தடுக்கும் அமைப்பு), மீட்டர் போர்டு, எலெக்ட்ரிக் ஸ்டீரிங், ஏசி எல்லாம் கேன் பஸ் என்ற தகவல் கம்பி வழியாக இன்ஜின் இசியுவிடம் பேசிக்கொண்டே இருக்கின்றன. இஎஸ்பி "டார்க்கைக் குறை" என்று கேட்கும். பதில் சொல்லத் தெரியாத புது இசியு இருந்தால் இஎஸ்பி தன்னை அணைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடுகிறது என்ற செய்தி வராவிட்டால் சில கார்களில் ஸ்டீரிங்கே கனத்துவிடும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியைத் தேடும். அதனால் இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள், மோதிய முழுக் காரையே வாங்குங்கள். ஹார்னஸ் (வயர் கட்டு), இசியு, சாவி, ஆக்சிலரேட்டர் பெடல், பெட்ரோல் பம்ப், கியர்பாக்ஸ், போல்ட் வரை ஒரே இடத்தில் கிடைக்கும். அதே பிளாட்ஃபார்மின் பெரிய இன்ஜின் என்றால் இன்னும் நல்லது. ஆடி ஆர்எஸ்3இன் 400 பிஎஸ் ஐந்து சிலிண்டர் அப்படியொன்று, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எம்க்யூபி பிளாட்ஃபார்ம் காருக்குள் குறுக்காகவே உட்காரக் கூடியது. பதிவு, புகைச் சோதனை, காப்பீடு மூன்றுக்கும் எழுத்தில் அனுமதி கிடைக்கும் என்று தெரிந்த பிறகே பழைய இன்ஜினைக் கழற்றுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டு, அதை மறுக்க மாட்டேன். 2008 கார்வெட்டின் 6.2 லிட்டர் எல்எஸ்3 டர்போ இல்லாமலே 430 எச்பி தருகிறது, லிட்டருக்கு 70தான். 300 எச்பி எடுக்கும் 2 லிட்டரில் அது லிட்டருக்கு 150. எல்எஸ்3இன் எட்டு பிஸ்டன்களின் பரப்பு, 2 லிட்டரின் நாலு பிஸ்டன்களின் பரப்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதே 300ஐ இருபது நிமிடம் கேட்டாலும் ஒவ்வொரு பிஸ்டனும் சுகமாக இருக்கும், காற்றை 125 டிகிரிக்குச் சூடாக்கும் கருவியும் நடுவில் இல்லை. ரேடியேட்டர் வேலை மட்டும் குறையாது. எச்பிக்கு எச்பி சூடு ஏறத்தாழ அதேதான். அதனால் பெரிய ரேடியேட்டரும், சூடான காற்று பானட்டுக்குள் தேங்காமல் வெளியேற வழியும் இன்ஜின் மாற்றிய (ஸ்வாப்) காருக்கும் கட்டாயம்.

ஆகவே என் பரிந்துரை இது. சாலையில் ஓட்டும் கார், வேண்டியது 30, 40 சதவீதம் கூடுதல்தான் என்றால் இன்ஜினை மாற்றாதீர்கள், சூட்டையும் டார்க் வளைவையும் சரிசெய்யுங்கள். இரு மடங்கு வேண்டும், ஆனால் நொடிக்கணக்கில்தான் என்றால் அதே பிளாக்கை ஃபோர்ஜ்டு பாகங்களோடு கட்டுங்கள். இரு மடங்கும் வேண்டும், அதை டிராக்கில் செஷன் செஷனாகப் பிடிக்கவும் வேண்டும் என்றால், அப்போது ஸ்வாப். எந்தப் பக்கம் சாய்வதற்கும் முன்னால் இப்போதைய காரிலேயே ஒரு வேலை செய்யுங்கள்: வெயில் நாளில், நீங்கள் உண்மையில் ஓட்டும் இடத்தில், உண்மையில் ஓட்டும் நேரம் வரை பதிவுக் கருவியான லாகரை ஓடவிட்டு இன்டேக் வெப்பம், கூலன்ட், ஆயில் வெப்பம், நாக் ரிடார்ட் (நாக்குக்காக இசியு இக்னிஷனைப் பின்னிழுத்த அளவு), ரெயில் பிரஷர் ஐந்தையும் பதிவு செய்யுங்கள். ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டியும் கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தால், கம்பெனி கொடுத்த பவருக்கே அந்தக் கார் மூச்சு வாங்குகிறது. முதல் செலவு ஆயில் கூலருக்கு.