ஆமாம், ஓர் அட்டை மாத்திரைக்குத்தான் இவ்வளவு கோபம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை ஏன் தூக்கினார்கள் என்று நேற்றிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். கதை பாதிப் பேருக்குத் தெரியும். பெரியப்பா மகன் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பெட்டியில் அடைத்து வந்த செஃபிக்ஸிம் என்ற ஆண்டிபயாடிக் மாத்திரைகளைப் படம் பிடித்துப் போட்டு, "இங்க டாக்டர் குடுக்க மாட்டேங்கிறாரு, சளி உள்ளவங்க வந்து வாங்கிக்குங்க" என்றார். கோயில் பிரசாதம் மாதிரி. "வேண்டாம்ணே" என்றேன். "டாக்டர் வந்துட்டாரு" என்று வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அப்புறம் நீக்கம். சரி.

நான் டாக்டர் இல்லை, லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஆனால் ஈரல் சுருங்கிப்போன அப்பாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவன்.

ஒரு நாள் காலை அப்பா வீட்டுக் கதவில் பஸ், ரயிலுக்குத் தட்டும் ஈஸி-லிங்க் கார்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். திறக்க மாட்டேங்குதாம். காய்ச்சல் இல்லை, வயிற்றுவலியும் பெரிதாக இல்லை. ஈரல் நோயில் புத்தி குழம்பாமல் இருக்கக் கொடுக்கும் லாக்டுலோஸ் மருந்தைக் குடிக்க மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவசரப் பிரிவில் வயிற்றில் ஊசி குத்தி, ஈரல் நோயால் அங்கே தேங்கிய நீரை எடுத்தார்கள். எப்போதும் தெளிந்த மஞ்சளாக வருவது அன்று பார்லித் தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) இருந்தாலே தொற்று என்று வைத்தியத்தைத் தொடங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு அதைப்போலப் பல மடங்கு. அநேகமாக அவர் குடலிலேயே இருந்த கிருமி என்றார்கள். ஈரல் கெட்டால் குடல் சுவர் கசிகிறது. கசிந்து வருவதைப் பிடிக்க வேண்டிய ஈரலோ படுத்துக் கிடக்கிறது.

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆண்டிபயாடிக்கை ஏற்றினார்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி குத்தினால் எண்ணிக்கை இறங்கவே இல்லை. ஈஎஸ்பிஎல் வகை ஈ.கோலையாம், அந்த மருந்தையே உடைத்துப்போடும் நொதியைச் சுரப்பது. அதைவிடப் பலமான மெரோபெனெமுக்கு மாற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது. ஆல்புமின் என்ற புரதமெல்லாம் ஏற்றியும் அது பழையபடி திரும்பவில்லை.

"ஒரு அட்டையில என்ன ஆகிடும்?" ஒரு அட்டை இல்லை, அதுதான் விஷயம். எல்லா வீட்டிலும் ஒரு அட்டை. வைரஸ் சளிக்கு அது பைசாவுக்குப் பிரயோசனம் இல்லை. ஆனால் குடலில் உள்ள சாதுக் கிருமிகளைக் கொன்று, அடங்காததை மிச்சம் வைக்கும். "கோழிக்கும்தான் போடுறாங்க" என்றார் ஒருவர். போடுகிறார்கள், தப்புத்தான். அதற்காக? "ஊர்ல கடையிலயே குடுக்கிறாங்களே" என்றார் இன்னொருவர். அங்கேயும் சட்டப்படி சீட்டு வேண்டும், அண்ணே.

அன்று டாக்டர், "சமீபத்துல வேற ஆண்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு மைலோ டின்னில் செஃபிக்ஸிம் இருந்தது. செஃப்ட்ரியாக்சோனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இருமலுக்கு இரண்டு, முழங்கால் வலிக்குக்கூட ஒன்று என்று அப்பா போட்டுக்கொள்வார். திருச்சிக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்தது நான். அந்தக் கிருமிக்கு அதுதான் காரணமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை.

இதையெல்லாம் குழுவில் எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன வரும் என்று தெரியும். "உங்கப்பா குடிச்சாரு, அதான்." அப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஈரலைக் கெடுக்கும் வைரஸ், ஹெப்படைட்டிஸ் பி. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தத் தடுப்பூசி 1987இல்தான் வந்தது. அப்பா பிறந்தது அதற்கு முப்பது வருடம் முன்னால். துட்டி வீட்டுக்கு வந்த ஒருவர்கூட வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொஞ்சம் கட்டுப்பாடா இருந்திருக்கலாம்" என்றார். அவரும் நேற்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

அண்ணே, என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். சித்திக்கு மட்டும் அந்த அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். போன மாதம்தான் அவருக்கும் முதல் தடவையாக வயிற்றில் நீர் எடுத்தார்கள். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.